மறதி குற்றமாகுமா?

மனிதர் செய்யும் பிழைகளை நாம் இருவகையாகப் பிரிப்பது வழக்கம். அறிந்து செய்யும் பிழை ஒன்று. அறியாமற் செய்யும் பிழை மற்றொன்று. முன்னதைக் குற்றம் என்கிறோம், பின்னதைப் பொறுத்துக்கொள்கிறோம். சொல்லளவில் இப்பிரிவு மிக எளிதாகத் தோன்றும். ஆனால் நம் எதிரில் நிற்பவர் தாம் பிழை செய்ததையே அறியாதவராயிருப்பின் என் செய்வது? அவரைக் குற்றவாளி என்பதா, நோயாளி என்பதா? அவ்வேறுபாட்டைக் காணத் தவறிய நம்மை என்னென்பது? இவ்வினாவை நமக்கு நாமே எழுப்பிக்கொள்ளும் நிலை சில ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்தது. நம் பிழையும் அதில் கலந்திருப்பதால், அதனை ஒளிக்காது எடுத்துரைக்கத் துணிந்தோம்.

கோலார் தங்கவயலில் நாம் பழகிய பெரியவர் ஒருவர். சுரங்க அலுவலகத்தில் தொழிலாளரின் வருகைக் கணக்கு எழுதும் வேலையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தவர். எந்தத் தொழிலாளிக்கு எந்த எண் என்பதைப் பேரேட்டைப் புரட்டாமலே சொல்லக்கூடியவர். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அவருக்கு வேலை போயிற்று. கணக்கெழுதும் பழக்கம் போகவில்லை. நாம் உறுப்பினராயிருந்த ஒரு சிறு சங்கத்தில் அவரையே பொருளாளராக அமர்த்தினோம். பதினைந்து ஆண்டுகள் ஒரு ரூபாயும் பிசகாமல் கணக்கு வந்தது. சங்க வேலையாக வெளியூர் சென்றால் தேநீருக்குக்கூடத் தம் கைப்பணத்தையே செலவிடுவார். அவருடைய நேர்மையை நாம் புகழ்ந்ததுமில்லை, ஐயுற்றதுமில்லை. காற்றைப் போல அது எப்போதும் இருக்கும் என்று எண்ணியிருந்தோம்.

2016-ஆம் ஆண்டில் சிறு சிறு மாறுதல்கள் தோன்றின. ஒருவரிடம் அம்மாதச் சந்தாவை வாங்கிய பின்னர், அடுத்த வாரமே மீண்டும் கேட்டார். வேறொருவருக்கு ரசீது கொடுத்துவிட்டுப் பேரேட்டில் ஏற்றாமல் விட்டார். கூட்டத்தில் ஒரு செய்தியைச் சொல்லி முடித்து, கால்மணி நேரத்திற்குள் அதே செய்தியைப் புதிதாகச் சொல்வது போல் தொடங்கினார். முன்னெல்லாம் கூட்டம் கலைந்த பின்னும் திண்ணையில் அமர்ந்து பேசுபவர், இப்போது முதல் ஆளாக எழுந்து சென்றார். யாரேனும் கணக்கைப் பற்றிக் கேட்டால் முகம் சிவந்தது. இவற்றுள் ஒவ்வொன்றையும் நாம் தனித்தனியே கண்டோம். ஒன்றாகச் சேர்த்துக் காணவில்லை.

அவ்வாண்டின் இறுதிப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. இருப்பில் 1,840 ரூபாய் குறைந்தது. சபையில் ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, அந்தப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். பெரியவர், "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, மூக்குக் கண்ணாடியை என்றார். கண்ணாடி அவர் முகத்தில் இருந்தது. சிலர் சிரித்தனர். சிலர் அதனை நடிப்பென்றே கொண்டனர். நாம் சிரிக்கவுமில்லை; அவருக்காக ஒரு சொல் சொல்லவுமில்லை. மறுவாரம் அவர் பெட்டியின் சாவியைச் செயலாளர் வீட்டில் கொடுத்துவிட்டு, சங்கத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வயதான காலத்தில் கை நீண்டுவிட்டது என்ற பேச்சு ஊரில் உலவியது.

ஓராண்டுக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. நாள்தோறும் நடந்து பழகிய கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் அவர் நின்றதைக் கண்ட ஒருவர் அழைத்து வந்து விட்டார். மகள் அவரைப் பெங்களூருக்குக் கூட்டிச் சென்று நரம்பு மருத்துவரிடம் காட்டினாள். டிமென்சியா என்று சொல்லப்படும் மறதி நோய் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று மருத்துவர் கூறினார். வீட்டைச் சுத்தம் செய்தபோது, அரிசிப் பானையின் அடியில் ரசீதுகளோடு சேர்த்துக் கட்டிய ஒரு துணிமுடிச்சு கிடைத்தது. 1,840 ரூபாயும் அதிலிருந்தது. அது மட்டுமன்று. அதற்கு முந்தைய மாதங்களில் குறைந்த தொகைகளையெல்லாம் அவருடைய மனைவியார் தம் வளையலை அடகு வைத்து நிரப்பியிருக்கிறார். இரவில் அவர் உறங்கிய பின் பேரேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்திருக்கிறார். ஊரார் அறிவதற்கு முன்னரே அந்த அம்மையார் அறிந்திருந்தார். அறிந்தும் வாய் திறக்கவில்லை.

நிற்க. இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் முதற்கண் கற்க வேண்டியது, இந்நோய் பெரும்பாலும் மறதி என்னும் பெயரோடு வருவதில்லை என்பதே. பொய், பிடிவாதம், கருமித்தனம், சந்தேகம், சோம்பல் என்னும் பெயர்களோடு அது வீட்டினுள் நுழைகிறது. இந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதற்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901-ஆம் ஆண்டில் ஃபிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவரைச் சோதித்தார். அவரிடம் வீட்டார் முதலில் கண்டது மறதியன்று. கணவர்மேல் காரணமின்றி எழுந்த பொறாமை. பின்னரே நினைவு தளர்ந்தது, சமையல் பிசகியது, பொருள்களை அவர் ஒளித்து வைக்கலானார். பெயரை எழுதச் சொன்னபோது, திருமதி என்னும் பொருள்பட்ட சொல்லை எழுதி, அப்பால் எழுத வேண்டியதை மறந்தார். 1906-இல் அவர் இறந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே அல்சைமர் அவருடைய மூளையில் கண்ட படிவுகளையும் சிக்கல் விழுந்த இழைகளையும் மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துக் காட்டினார். கணவர்மேல் அப்பெண்மணி கொண்ட பொறாமையைக் குணக்கேடென்று தீர்ப்பளித்தவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் மூளையின் நோய்க்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டியவராவார்.

பணக் கணக்கில் பிழை நேர்வதும் அத்தகைய முன்னறிகுறியே. அமெரிக்க நாட்டில் முதியோரின் மருத்துவப் பதிவுகளையும் கடன் பதிவுகளையும் ஒப்புநோக்கி 2020-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, நோய் இன்னதென்று கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே உரிய தேதியில் பணம் கட்டத் தவறுதல் மிகுதியாகக் காணப்பட்டதாகத் தெரிவித்தது. கணக்கில் தவறுபவரைக் கள்வரென்று கருதும் உலகில், இவ்வாறு நோயைச் சுமந்தவர் எத்தனை பேர் பழியையும் சுமந்து மறைந்தனரோ!

வினை என்பது உள்ளத்தின் எண்ணமே என்று ததாகதர் உணர்த்தியருளினார் என்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், மேடையேறிப் பேசியுமிருக்கிறோம். ஆயினும் பெரியவரின் கணக்கில் குறை கண்ட அன்று, அவர் எண்ணத்தை ஆராய்ந்தவர் நம்முள் எவருமில்லை. பதினைந்தாண்டு வாழ்க்கை ஒரு பக்கமும், ஒரு நாளின் குறை ஒரு பக்கமுமாக நின்றபோது, ஒரு நாளையே எடைக்கல்லாகக் கொண்டோம். ஒருவருடைய நடத்தை அவருடைய வாழ்நாட் குணத்தோடு பொருந்தாமற் போனால், அவர் குணம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது எளிது. இவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது கடினம். அக்கடினமான கேள்வியே அறத்தின் பாற்பட்டது.

இனி, ஒரு மறுப்பைக் கருதுவோம். "வீட்டிலுள்ள முதியோரை ஓயாமல் உற்றுநோக்கி, இது நோயோ அது நோயோ என்று எண்ணிக்கொண்டிருப்பது முறையாகுமா? அது வேவு பார்த்தலன்றோ? வயதானால் மறப்பது இயற்கையாயிற்றே!" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை தேடும்போது, அயர்லாந்தில் 1919-இல் பிறந்து ஆக்ஸ்போர்டில் தத்துவம் பயிற்றுவித்த ஐரிஸ் மர்டாக் அம்மையார் நினைவுக்கு வருகிறார். 1970-இல் வெளிவந்த நூலொன்றில் அவர் மாமியார் ஒருவரை உதாரணமாக எடுத்துக் காட்டினார். அம்மாமியார் தம் மருமகளை நாகரிகமற்றவள், அடக்கமில்லாதவள் என்று மனத்துள் இகழ்கிறார். வெளியே ஒரு குறையுமின்றி நடந்துகொள்கிறார். பின்னர், தம் பார்வையில் பொறாமை கலந்திருக்கக்கூடுமென எண்ணி, மீண்டும் பொறுமையாக நோக்குகிறார். இகழ்ந்த அதே குணங்கள் எளிமையாகவும் மகிழ்ச்சியாகவும் தெரிகின்றன. மருமகள் மாறவில்லை, நோக்கு மாறியது. செயல் ஏதும் வெளியே நிகழாவிடினும், நேர்மையாகப் பார்த்தலே ஓர் அறச்செயல் என்பது அம்மையாரின் கருத்து.

அந்த அம்மையாருக்கே பிற்காலத்தில் அல்சைமர் நோய் வந்தது. 1995-இல் வெளியான அவருடைய கடைசி நாவலைக் குறைகூறி எழுதியவர் பலர். ஆற்றல் தளர்ந்துவிட்டது என்றனர். 1997-இல் நோய் கண்டறியப்பட்டது. 1999-இல் அவர் காலமானார். 2005-இல் ஆராய்ச்சியாளர் அவருடைய முதல் நாவலையும் இடைக்கால நாவலொன்றையும் கடைசி நாவலையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். வாக்கிய அமைப்பு பெரிதும் சிதையாதிருக்க, சொல்வளம் மட்டும் சுருங்கியிருப்பதைக் கண்டனர். குறைகூறியோர் கண்டது பொய்யன்று. ஆயினும் அவர்கள் கண்டது ஒரு நோயின் முதல் நிழல் என்பதை அவர்கள் அறியவில்லை. நேர்மையாகப் பார்த்தலைப் பற்றி எழுதியவரையே உலகம் அவ்வாறு பார்க்கத் தவறியது.

எனவே வேவு வேறு, கவனம் வேறு. வேவு பார்ப்பவன் குற்றத்தைத் தேடுகிறான், கண்டவுடன் மகிழ்கிறான். கவனிப்பவன் மனிதரைத் தேடுகிறான். மாறுதல் கண்டவுடன் கவலுகிறான். பாலி மொழியின் ஸதி என்னும் சொல்லும் வடமொழியின் ஸ்மிருதி என்னும் சொல்லும் ஒரே வேரினின்று வந்தவை. நினைவு என்பதும், விழிப்போடு கவனித்தல் என்பதும் ஆகிய இரு பொருளும் ஸதி என்பதில் அடங்கியிருக்கின்றன. ஒருவரிடம் முதற்பொருள் குறையும் காலத்தில், அவர் அருகிலிருப்போர் இரண்டாம் பொருளைப் பெருக்கிக்கொள்ளல் வேண்டும்.

கவனிக்க வேண்டுவன எவை? சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எவர்க்கும் நேரும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கென்று திகைப்பது வேறு. பெயரொன்று நாவில் வராமல் சற்று நேரம் கழித்து வருவது முதுமை. கேட்ட கேள்வியையே சிறிது நேரத்திற்குள் திரும்பத் திரும்பக் கேட்பதும், கேட்டதை நினைவுபடுத்தினாலும் நினைவு வராததும் வேறு. நாற்பதாண்டு வைத்த குழம்பின் பக்குவம் தடுமாறுதல், பழகிய தெருவில் வழி தவறுதல், சில்லறை எண்ணத் திணறுதல், பொருள்களைப் பொருந்தா இடங்களில் வைத்துவிட்டு வீட்டார் திருடினரெனல், கூட்டத்தை விட்டு ஒதுங்குதல், சாந்தமானவர் சீறுதல் ஆகியவை ஒன்றிரண்டல்ல, பலவாகச் சேர்ந்து, மாதக்கணக்கில் வளர்ந்து வருமாயின், மருத்துவரிடம் செல்லக் காலம் தாழ்த்தலாகாது. இவை ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றினால், அது பெரும்பாலும் வேறு நோய். காய்ச்சல், கிருமித் தொற்று, உடலின் உப்புச் சத்துக் குறைவு, மருந்தின் கேடு முதலியவற்றால் அறிவு கலங்கக்கூடும். அப்போது அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"கண்டறிந்து என்ன பயன்? இதற்குத்தான் மருந்தில்லையே!" என்று கூறுவாரும் உளர். அல்சைமர் நோயை முற்றும் போக்கும் மருந்து இன்றுமில்லை என்பது உண்மையே. ஆயினும் மறதியெல்லாம் அல்சைமர் அன்று. பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பியின் தளர்ச்சி, மனச்சோர்வு, கீழே விழுந்ததனால் மண்டையோட்டினுள் உறைந்த இரத்தம், உறக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் அறிவு மங்கக்கூடும். இவற்றைச் சோதனையால் கண்டு சிகிச்சை செய்யலாம். காது கேளாமையை மறதியென்று எண்ணி மயங்குவதும் உண்டு. பிறிதொன்று: 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழுவினர், உலகில் இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, செவிக்குறை, புகைபிடித்தல், தனிமை முதலிய பதினான்கு காரணங்களை நீக்கினால் நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் எனக் கணித்தனர். நம் நாட்டிலோ, 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேலாக, சுமார் 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டின் அவமானமன்று.

அவமானம் என்று சொன்னோம். அந்த அம்மையாரை வாய் திறவாமற் செய்தது அதுவே. பின்னொரு நாள் நாம் அவர் வீட்டுக்குச் சென்று, "அம்மா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம். அவர், "சொல்லியிருந்தால் புத்தி கெட்டவர் என்பீர்கள். சொல்லாததால் பணத்தை எடுத்தவர் என்றீர்கள். இரண்டில் எதை நான் தேர்ந்தெடுப்பது?" என்றார். அவருக்கு மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. நோயை மறைத்தது அவர் குற்றமென்றால், மறைக்கும்படியான ஊரை அமைத்து வைத்தது எவர் குற்றம்?

நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா என்பது அடுத்த வினா. வருத்தம் உண்டாகும் என்றஞ்சிப் பல வீடுகளில் மறைக்கின்றனர். அன்பின் காரணமாகவே மறைக்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோயின் தொடக்க காலத்தில் மனிதர் பெரும்பாலும் தம் தடுமாற்றத்தைத் தாமே உணர்ந்து அஞ்சுகிறார். கண்ணாடியைத் தேடிய பெரியவரின் கை நடுங்கியது நமக்கு நினைவிருக்கிறது. ஏதோ தவறுகிறது என்றறிந்து, இன்னதென்றறியாமல் தனியே அஞ்சுவதினும், "இது நோய், உங்கள் குற்றமன்று, நாங்கள் உடனிருக்கிறோம்" என்று கேட்பது மேலன்றோ? மேலும், தெளிவுள்ள காலத்திலேயே அவர் தீர்மானிக்க வேண்டியவை பல உள. ஓய்வூதியம், வீடு, சேமிப்பு ஆகியவற்றை யார் பார்த்துக்கொள்வது, தம்மை யார் பராமரிப்பது என்பனவற்றை அவரே சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தந்துள்ளது. உண்மையை மறைப்போர், அவ்வுரிமையைப் பயன்படுத்தும் காலத்தையும் அவரிடமிருந்து பறித்துவிடுகின்றனர். சொல்லும் முறையில் மென்மை வேண்டும். கேட்க விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. கேட்பவரிடம் பொய்யுரைத்தலும் ஆகாது.

நம்முடைய இரண்டாம் பிழையையும் சொல்லிவிடுகிறோம். நோய் என்று தெரிந்தபின் சங்கத்தார் பலரும் சென்று மன்னிப்புக் கேட்டனர். அதன்பின் அவரோடு பேசுவதை விட்டு, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மகளிடம் பேசலாயினர். "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" என்று கேட்டனர். முன்பு அவரைக் கள்வராக்கினோம். இப்போது அவரை ஒரு பொருளாக்கினோம். ஒரு நாள் அப்பேச்சின் நடுவே பெரியவர் தலையை நிமிர்த்தி, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றார். சுரங்க நாட்களைப் பற்றிக் கேட்டபோது, இறங்கு பாதைகளின் பெயரையும், எவ்வேளைக்கு எந்தச் சங்கு ஒலித்தது என்பதையும் வரிசையாகச் சொன்னார். நேற்றைய நினைவு போயினும் நாற்பதாண்டுக்கு முந்தைய நினைவு நின்றது. அதுவும் போகும் காலம் பின்னர் வந்தது. அப்போதும் மகள், "அப்பா" என்றழைத்துக் கையைப் பற்றினால், யாரென்று அறியாமலே அக்கையை விடாமற் பிடித்துக்கொள்வார்.

நினைவே மனிதர் என்று கொண்டால், நினைவு தேயுந்தோறும் மனிதரும் தேய்கிறார் என்றாகும். அவர்க்குச் செய்ய வேண்டிய கடமையும் தேயலாம் என்றாகும். நாம் அதனை ஏற்கவில்லை. மாறாத ஒன்று உள்ளே இருக்கிறதென்று நம்பி அவரைப் போற்ற வேண்டுமென்பதுமில்லை. நாமெல்லோரும் கணந்தோறும் மாறுபவரே, பிறரால் தாங்கப்படுபவரே. குழந்தைப் பருவத்தில் நம் பெயர் நமக்குத் தெரியாதபோது, தாய் அதனை நமக்காக நினைவில் வைத்திருந்தாள். அவள் தன் பெயரை மறக்கும் நாளில், அதனை அவளுக்காக நினைவில் வைத்திருப்பது நம் முறை. பெரியவரின் நேர்மை அவர் நினைவிலிருந்து அகன்றபோது, அதனைக் காத்து வைக்க வேண்டிய இடம் நம் நினைவாக இருந்தது. அங்கேதான் நாம் தவறினோம்.

இப்போது அச்சங்கத்தில் பொருளாளர் இருவர். ஒருவர் எழுத, மற்றவர் அன்றே பார்த்துக் கையொப்பமிடுகிறார். இருவருள் எவரையும் ஐயுற்று இவ்வேற்பாட்டைச் செய்யவில்லை. எவர்க்கும் தளர்ச்சி வரலாம். வரும்போது அவர் தனியே நிற்கலாகாது என்பதற்காகவே செய்தோம். முதியவர் ஒருவர் மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து வாராவிடில், இருவர் அவர் வீட்டுக்குச் சென்று நலம் கேட்டு வருகின்றனர். பெரியவர் மறைந்த பின்னர், அவர் பதினைந்தாண்டு எழுதிய பேரேடுகளைச் சங்க அலமாரியில் வரிசையாக வைத்தோம். கடைசிப் பேரேட்டில் எழுத்துக் கோணி, எண்கள் வரி தவறி இறங்கியிருக்கின்றன. அவற்றின் கீழே, வேறொரு கையெழுத்தில், பென்சிலால் இட்ட சிறு திருத்தங்கள் காணப்படுகின்றன. அவை அந்த அம்மையாரின் கையெழுத்து. புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் அப்பேரேட்டையே காட்டுகிறோம்.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் இன்று ஒருவர் சொன்னதையே மீண்டும் சொல்லக்கூடும். சினம் எழுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அவர் முகத்தை நன்றாகப் பாருங்கள். அவர் நேற்று வரை எத்தகையவராயிருந்தார் என்பதை நினையுங்கள். அதன்பின் மறுமொழி சொல்லுங்கள்.